பட்டியலில் இல்லாத முயல்

அரசு கால்நடை மருந்தகத்து மருந்துகளை மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றுக்கும், வெறிநோய்த் தடுப்புக்காக நாய்க்கும் மட்டுமே வழங்க வேண்டும். பட்டியலில் இல்லாத பிராணி எதற்கேனும் மருந்து தேவைப்பட்டால் உரிய வழியாக மேலிடத்துக்கு எழுதி, எழுத்து மூலமான அனுமதி கைக்கு வந்த பிறகே மருந்து அலமாரியைத் திறக்க வேண்டும். நான் பணியாற்றிய மருந்தகத்தில் இதுதான் விதி. குழப்பமே இல்லாத விதி. அதை எழுதியவர் முயலைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால், அதற்கு நோய் வராது என்று முடிவு செய்திருப்பார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதும்படி கேட்டார்கள். சிகிச்சை முறைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. உங்கள் புத்தகங்கள் என்னுடையவற்றைவிடப் புதியவை, எடையும் அதிகம். நாம் எழுதித் தரும் சீட்டு நம் மேசையை விட்டுப் போன பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் அத்தியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராம மருந்தகத்தில் இருந்தேன். ஓட்டுக் கட்டடம். என் மேசைக்குப் பின்னால் சுவரில் முதலமைச்சர் படம். ஆட்சி மாறினால் படம் மாறும், ஆணி மாறாது. தை மாதம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது, அறுக்க ஆளில்லை. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. வயலுக்கு வயல் கொடி ஊன்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டதால் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஊரில் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

நின்றது அறுப்பு மட்டுமல்ல. பெரிய வீடுகளுக்குச் சாணி அள்ளுவது, மாடு குளிப்பாட்டுவது, புல் அறுத்துப் போடுவது எல்லாமே நின்றது. மாடுகள் வைக்கோலைத் தின்று சமாளித்தன. வைக்கோல் தின்னாத ஒரு பிராணி அந்த ஊரில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது, அது மருந்தகத்துக்கு வரும்வரை.

கொண்டுவந்தவர் மிராசுதாரின் தங்கை கமலத்தம்மாள். ஐம்பது வயது இருக்கும். சிறு வயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். வண்டி பூட்ட ஆளில்லாததால் வரப்பு வழியாக நடந்தே வந்திருந்தார். இடுப்பில் மூங்கில் கூடை. அதற்குள் ஒரு வெள்ளை முயல், முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“பேரு?” என்று கேட்டேன்.

“கமலம்.”

“உங்க பேரில்லைங்க. முயலுக்கு.”

“அது மல்லி. என் பேரையும் எழுதிக்குங்க. பாக்கப்போறது நான்தானே.”

மிராசுதாரின் மகன் சென்னையில் படிக்கப் போகுமுன் ஊட்டியிலிருந்து வாங்கிவந்து அத்தையிடம் விட்டுப் போன முயல். அந்தப் பெரிய வீட்டில் கமலத்தம்மாளுக்கு ஒருவரும் உத்தரவு போடாத அறை ஒன்றே ஒன்றுதான். அதில் அவரும் மல்லியும் இருந்தார்கள்.

“என்ன தின்னுச்சு?”

“ஆளுங்க நின்னுட்டாங்கல்ல, புல்லு வரல. நொய் வச்சேன், பொரி வச்சேன். அவல்னா உசுரு அதுக்கு. அப்புறம் வயிறு உப்பிப்போச்சு. அண்ணன்தான் லங்கணம் போடுன்னாரு. முந்தாநாள்லேருந்து ஒண்ணும் குடுக்கல.”

தஞ்சாவூர் மண்ணில் வயிற்றுக்கு எது வந்தாலும் முதல் மருந்து பட்டினி. மனிதருக்கும் அதுதான், கன்றுக்குட்டிக்கும் அதுதான். நெல் விளையும் ஊரில்தான் பட்டினிக்கு இவ்வளவு மரியாதை. மிராசுதாரைப் பொறுத்தவரை அது வேலைநிறுத்தத்துக்கும் மருந்து. “நாலு நாள் அடுப்பு எரியாம கெடந்தா தானா வந்து கையக் கட்டிக்கிட்டு நிப்பானுங்க” என்று அவர் மருந்தக வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வேட்டிக் கரையை ஆட்சிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழக்கமுடையவர், இந்தக் கருத்தை மட்டும் எந்த ஆட்சியிலும் மாற்றிக்கொண்டதில்லை.

முயலின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். நலமாக இருக்கும் முயலின் வயிறு ஓயாமல் பேசும். தூரத்து மதகில் நீர் விழுவதுபோல ஒரு சலசலப்பு. மல்லியின் வயிற்றில் ஒன்றுமில்லை. மதகை இறக்கிவிட்ட வாய்க்காலின் மௌனம். தொட்டுப் பார்த்தேன். பிசைந்த மாவுபோல இருந்தது, காற்றடைத்து இறுகவில்லை. இந்த இடத்தில் கை தவறாக முடிவு செய்துவிட்டால் பிறகு செய்வதெல்லாம் தவறுதான். அடைப்பு என்றால் ஊட்டுவது கொல்லும். இது அடைப்பு அல்ல, ஓட்டம் நின்றது. ஓட்டம் நின்றதற்கு ஊட்டாமல் விடுவதுதான் கொல்லும்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் பெயரைச் சொல்லிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் ஏற்கெனவே அதிகம். மாடு வலித்தால் கத்தும், நாய் ஊளையிடும், முயல் மட்டும் தன்னைத் தின்ன வருபவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வலியை விழுங்கிக்கொள்ளும் என்பார். நம் கண்ணுக்கு முயல் நோயாளியாகத் தெரியும் நாளில் நோய் பாதி வேலையை முடித்திருக்கும் என்பார். கூடையில் இருந்தது அந்த மீதிப் பாதி.

அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. விதியும் எனக்குத் தெரியும். நான் எழுதும் கடிதம் வட்டாரத்துக்குப் போய், அங்கிருந்து தஞ்சாவூருக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே ஏறி, அதே படிகளில் இறங்கி வர வேண்டும். அதுவரை காத்திருக்கும்படி முயலுக்கு உத்தரவு போட விதியில் இடமில்லை. அலமாரியைத் திறந்து, வலி குறைய ஓர் ஊசியும் தோலுக்கடியில் கொஞ்சம் உப்புநீரும் ஏற்றினேன். அதன் பிறகு கடிதம் எழுதினேன். வரிசை தவறுதான். வரிசை சரியாக இருந்திருந்தால் கடிதம் மட்டும் உயிரோடு இருந்திருக்கும்.

கம்பவுண்டர் கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தார். நல்ல மனிதர். “எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பென்சிலின் மாத்திரை கொடுத்து அனுப்பிடலாம் சார்.”

நம் தொழிலில் மிக ஆபத்தான மருந்து இந்த ‘எதுக்கும்’தான். வாய்வழி பென்சிலின் மாட்டுக்காரனுக்கு மருந்தாக இருக்கலாம், முயலுக்கு விஷம். பொட்டலத்தை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கை பழக்கத்தில் மறுபடி எடுத்துவிடக் கூடாதே.

பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தேன். என் பணிக்காலத்தில் எழுதிய சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த பதில் “சரிங்கய்யா” என்பதுதான். அந்தச் சொல்லுக்குப் பொருள் ‘புரிந்தது’ என்பதல்ல, ‘போகலாமா’ என்பது. கமலத்தம்மாள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டார்.

“பட்டினி போடக் கூடாதுன்னு எழுதறீங்களே, எதுக்கு?”

“புல்லைச் செரிக்க வைக்கிறது முயல் இல்லைங்க. அது வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க கோடிக்கணக்குல இருக்காங்க. வேலை பாக்கறது அவங்கதான். புல்லு உள்ள போனாத்தான் அவங்களுக்குச் சோறு. நீங்க நொய்யைப் போட்டீங்க, அவங்களுக்கு ஒத்துக்கல. அப்புறம் அதையும் நிறுத்திட்டீங்க.”

“அவங்களும் வேலைய நிறுத்திட்டாங்க.”

“அதேதான்.”

“நல்லாருக்கு. வீட்டுக்கு வெளியிலயும் ஸ்ட்ரைக்கு, இதுக்கு உள்ளயும் ஸ்ட்ரைக்கு.” சிரிக்கவில்லை. “சரி, மேல எழுதுங்க.”

அறுகம்புல்லை அம்மியில் மசிய அரைத்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையால் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும் என்று எழுதினேன். எதுக்கு ஓரமா? நடுவில் ஊற்றினால் நெஞ்சுக்குள் போகும். ஒரு கைப்பிடிப் புதுப்புல்லை எந்நேரமும் முன்னால் வைத்திருக்க வேண்டும். எதுக்கு, அதுதான் தின்னலையே? தின்ன நினைக்கும் நேரத்தில் அது அங்கே இருக்க வேண்டும். அறையில் நடக்க விட வேண்டும், வயிற்றை மெல்ல நீவ வேண்டும். எதுக்கு? கால் ஓடினால் குடல் ஓடும். அப்புறம், முயல் விடியற்காலையில் தன் பின்புறத்தில் வாய் வைத்து, திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று வருவதைத் தின்னும், தடுக்கக் கூடாது என்று எழுதியபோது அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“கர்மம், கர்மம்! அதைக் கண்டா நான் தட்டிவிட்டு வாயக் கழுவிவிட்ருவேனே டாக்டர்.”

“இனிமே கழுவாதீங்க. உள்ள இருக்கறவங்க பாத்த வேலையோட பலன் அதுலதான் இருக்கு. அதை ரெண்டாவது தடவ தின்னாத்தான் உடம்புல ஒட்டும்.”

“ஆசாரம்னு நெனச்சில்ல செஞ்சேன்.”

“அதுக்கு ஆசாரம் அதுதாங்க.”

சற்று நேரம் கூடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்கூடை அளவு உடம்புக்குள் இப்படியொரு ஏற்பாடா என்ற திகைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. இதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதிய எனக்கு அப்படித் திகைக்கத் தோன்றியதே இல்லை. அன்று தோன்றியது.

“குணமாவுதுன்னு எப்படித் தெரியும்?”

“புழுக்கை போடும். முதல்ல சின்னதா, கோணல்மாணலா வரும். பெரிசா, உருண்டையா, உதுத்தா தூளாவுற மாதிரி வந்தா குடல் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.”

“எப்பப் பயப்படணும்?”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு தலைப்பு இல்லை. எழுதினேன்: காது சில்லென்று ஆனாலோ, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாலோ, வயிறு தவில்போல இறுகினாலோ ஊட்டுவதை நிறுத்திவிட்டு உடனே வரவும். அன்று முதல் ஓய்வுபெறும் நாள் வரை நான் எழுதிய சீட்டுகளில் எல்லாம் ‘எப்போது பயப்பட வேண்டும்’ என்பதே முதல் வரி. நீங்களும் அப்படி எழுதினால் நல்லது. நன்றியைக் கமலத்தம்மாளுக்குச் செலுத்துங்கள்.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்டார்: “புல்லு?”

“வரப்பெல்லாம் அறுகு மண்டிக் கெடக்குங்களே.”

“கெடக்கு. அறுக்கறது யாரு?”

அந்த வரியைச் சீட்டில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் காலை கம்பவுண்டர் மூச்சிரைக்க வந்தார்.

“சார், உங்க சீட்டைப் பிடிச்சு வச்சிருக்காங்க சார்.”

“யாரு?”

“சங்கத்துல. சீட்டையும் பிடிச்சு வச்சிருக்காங்க, அந்தம்மாவையும் பிடிச்சு வச்சிருக்காங்க.”

சைக்கிளை எடுத்தேன்.

நடந்தது இதுதான். கமலத்தம்மாள் சமையற்கட்டிலிருந்த கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, விளைந்து நின்ற வயலின் வரப்பில் இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் நல்ல நாள் பார்த்து முதல் கைப்பிடிக் கதிரை அறுப்பது வழக்கம். அது நடந்துவிட்டால் அறுப்பு தொடங்கிவிட்டதென்று பொருள். தொடங்கிய அறுப்பைத் தடுத்தால் போலீஸ் இறங்கும், வெளியூர் ஆட்கள் லாரியில் வருவார்கள். பெரிய வீட்டுக் கை ஒன்று அரிவாளோடு வயலில் நிற்பதைக் கண்டதும், மிராசுதார் தங்கையை விட்டு முதல் கதிரை அறுக்கவைக்கிறார் என்று தொழிலாளர்களின் காலனியில் செய்தி பறந்தது. புல்லுக்குத்தான் என்று அவர் எடுத்துக் காட்டிய சீட்டையும் யாரும் நம்பவில்லை. நான் போனபோது வரப்பின் இரு பக்கமும் கூட்டம். ஆண்கள் கையில் கம்பு. பள்ளிக்கூடத்தின் பக்கம் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

நடுவில் கமலத்தம்மாள். விரலை அறுத்துக்கொண்டு அதைப் புடவைத் தலைப்பால் சுற்றியிருந்தார். மற்றக் கையில் ஒரு பிடி அறுகு. அதை அவர் விடவில்லை.

“அருவாளப் புடிச்சிருக்கறதப் பாரு, காபி டம்ளரப் புடிச்ச மாதிரி” என்றாள் அஞ்சலை. பல வருடமாக அந்த வீட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவள். “இந்தக் கையா கதிரறுக்கப் போவுது? அறுத்தா அவங்க வெரலத்தான் அறுப்பாங்க.”

“அதான் அறுத்துக்கிட்டேனே” என்றார் கமலத்தம்மாள்.

சங்கச் செயலாளர் கோவிந்தராசு என்னைப் பார்த்ததும் சீட்டை உயர்த்திக் காட்டினார். டீக்கடையில் பத்திரிகையை ஊருக்கே கேட்கும்படி படிப்பவர். “சார், இது நீங்க எழுதினதா?”

“நான்தான்.”

“உள்ளதுதானா, இல்ல புல்லுன்னு எழுதி நெல்லை அறுக்கச் சொன்ன ஏற்பாடா?”

“படிச்சுப் பாருங்க” என்றேன். அரசு ஊழியன் ஒருவன் வேலைநிறுத்தக் கூட்டத்தில் நிற்பது எந்த விதியின் கீழ் குற்றம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் போனேன்.

அவர் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். கூட்டம் நெருங்கியது. பாலாடை என்ற இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். வயிற்றை நீவ வேண்டும் என்ற இடத்தில் ஒருவன் “எனக்கும் ஒரு சீட்டு எழுதுங்க டாக்டரே” என்றான். அந்தச் சிரிப்புக்கு நடுவே மிராசுதார் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் தூரத்தில் காக்கிச் சட்டைகள் தெரிந்தன. அவரைப் பார்த்தும் கோவிந்தராசு நிறுத்தவில்லை. அடுத்த வரியைப் படித்தார்.

“பட்டினி போடக் கூடாது. பட்டினியால் இது குணமாகாது. உள்ளே வேலை செய்பவை செத்துப்போகும். அவை செத்தால் முயலும் சாகும்.”

யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தராசு அந்த வரியை இன்னொரு முறை, இம்முறை மெதுவாக, தாளைப் பார்க்காமல் மிராசுதாரைப் பார்த்துப் படித்தார். ஒரு முயலின் குடலைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் அது.

மிராசுதார் தங்கையிடம் திரும்பினார். “கமலம், ஏறி வா. குடும்ப மானம் வயல்ல கெடக்கு.”

“முயல் போயிடும்ணே.”

“போவட்டும். வேற வாங்கித் தரச் சொல்றேன். ஏறி வான்னா.”

“இது யாரு வயல்ணே?”

“என்ன கேள்வி இது?”

“இத்தனை பேரு நிக்கறாங்க. அவங்க முன்னாடியே சொல்லுங்க. இது உங்க வயலா, என் வயலா?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய குடும்பங்களில் நிலத்தை உறவினர் பெயரில் பிரித்து எழுதிவைத்தார்கள். பட்டாவில் ஒரு பெயர் இருக்கும், களத்தில் வேறொருவர் நிற்பார். அந்த வயல் தாளில் கமலத்தம்மாளுடையது. கையெழுத்துப் போட்டதைத் தவிர அதில் அவருக்கு வேறு வேலை இருந்ததில்லை. ‘என் வயல்’ என்று அண்ணன் சொன்னால் அது உச்சவரம்பைத் தாண்டிய நிலமாகி அரசுக்குப் போய்விடும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சங்கச் செயலாளரும் இருந்தார், ஓர் அரசு ஊழியனும் இருந்தான். மிராசுதார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் பேர்லதான் இருக்கு” என்றார்.

“அப்ப என் வரப்புல நான் புல்லு அறுக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே, வெயில் ஏறுது.”

அவர் போனார். போகும் வழியில் காக்கிச் சட்டைகளையும் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். தங்கை சொந்த வரப்பில் புல் அறுப்பதை எந்தப் பிரிவில் எழுதிக்கொள்வது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் சங்கத்துக்கும் விதி உண்டு. பெரிய வீட்டு மாடுகளுக்குப் புல் கிடையாது என்பது அவர்கள் தீர்மானம். கோவிந்தராசு கூட்டத்தைப் பார்த்தார். “தீர்மானத்துல மாடுன்னுதான் இருக்கு. முயலு மாடா?”

“நாலு காலு இருக்கே தோழர்.”

“கட்டிலுக்கும்தான் நாலு காலு இருக்கு.”

“பாலு கறக்குதா?”

“ஏர்ல பூட்டலாமா?”

“சாணிகூடப் போடல, அதான் நோயே” என்றாள் அஞ்சலை.

“அப்ப மாடு இல்ல” என்றார் கோவிந்தராசு. கைகள் உயர்ந்தன. முடிந்தது. வெற்றிலையை மென்று துப்பும் நேரத்தில் ஒரு பிராணியின் இனம் தீர்மானிக்கப்பட்டது. முதல் நாள் நான் எழுதிய கடிதமும் இதே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு வட்டார அலுவலகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“கதிரத் தொடக் கூடாது” என்றார் கோவிந்தராசு, கமலத்தம்மாளிடம். “வீட்டுக்குக் கொண்டாந்து போட மாட்டோம். நீங்களே எறங்கி வந்து அறுத்துக்கணும்.”

“அதத்தானே செஞ்சுக்கிட்டிருந்தேன்” என்றார் அவர்.

அஞ்சலை அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கித் திருப்பி வைத்துக் கொடுத்தாள். “இப்படிப் புடிங்க. உங்க வெரலுக்குச் சீட்டு எழுத டாக்டருக்கு அதிகாரம் இல்ல.”

இனிமேல்தான் கடினமான பகுதி. மல்லி உடனே எழுந்து துள்ளிவிடவில்லை. கமலத்தம்மாள் புல்லை அரைத்துப் புகட்டினார், அது பாதியை வெளியே விட்டது. மறுபடி புகட்டினார். மதியம் நான் போய்ப் பார்த்தபோது வயிறு இன்னும் ஊமைதான். காதைத் தொட்டேன். குளிர்ச்சி எல்லையில் இருந்தது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அணைத்து வைத்தோம், இன்னொரு ஊசி போட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: இன்றைக்குள் குடல் ஓடாவிட்டால் என் கையில் வேறொன்றும் இல்லை. நம் தொழிலில் பலர் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இன்னொரு மருந்தை எழுதிவிடுவார்கள். கமலத்தம்மாள் தலையசைத்துவிட்டுப் பாலாடையை எடுத்தார்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்: “போட்டுதா சார்?” இல்லை என்றேன். மதகடியில் இன்னொருவர். டீக்கடையில் நான்கு பேர். “போட்டுதா?” கூலிப் பேச்சு எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொடி ஊன்றி, அடுப்பு அணைந்து, எதிர்த்து நின்ற ஒரு காலனி முழுவதும் எதிரி வீட்டு முயலின் புழுக்கைக்காகக் காத்திருந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்தும் திறமை எனக்கு இருந்திருந்தால் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருப்பேன்.

மறுநாள் காலை நான் வயலோரம் வந்தபோது கமலத்தம்மாள் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் அரிவாள். இன்னொரு கையில், உள்ளங்கையில் விரித்த வெற்றிலை. அதன்மேல் எதையோ பிரசாதம்போல ஏந்தி வந்தார். கூட்டம் தானாகக் கூடியது. இலையில் மூன்று நான்கு புழுக்கைகள். சிறியவை, கறுத்தவை, ஒன்றோடொன்று முடியால் கோர்த்தவை.

கோவிந்தராசு குனிந்து பார்த்தார். அஞ்சலை இன்னும் குனிந்து, விரலால் ஒன்றை உருட்டி, நசுக்கிப் பார்த்தாள்.

“சின்னது. கோணலா இருக்கு. உதுரல” என்றாள். “சீட்டுல போட்டிருக்கறது இது இல்ல. இது மொதல்ல வர்றது. இன்னும் ஊட்டணும்மா, நிறுத்திப்புடாதீங்க.”

“நிறுத்துவேனா” என்றார் கமலத்தம்மாள்.

நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஒரு சிகிச்சையின் ஒவ்வொரு வரியும், அதன் காரணமும், அடுத்த படியும் நாற்பது ஐம்பது பேர் மனத்தில் ஒரே சமயத்தில் நின்றதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். அதுவும் மருந்தகத்தில் அல்ல, கொடி பறந்த வயலில். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த நாள் இலையில் வந்தவை பெரியவை, உருண்டையானவை. அஞ்சலை நசுக்கினாள், தூளாயின. யாரோ விசிலடித்தார்கள். போலீஸ் முகாமிலிருந்து ஒருவர் என்ன கலவரமோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மல்லியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மதகு திறந்திருந்தது.

கூலி விவகாரம் பிறகு தாலுக்கா அலுவலகத்தில் பேசி முடிந்தது. யார் இறங்கி வந்தார்கள் என்பதற்கு ஊரில் இன்றும் இரண்டு கதைகள் உண்டு. பேச்சுக்குப் பட்டாதாரர்கள் நேரில் வர வேண்டும் என்றபோது கமலத்தம்மாளும் போனார், அண்ணன் தயாரித்துக் கொடுத்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் “எதுக்கு?” என்று கேட்டார், கேட்ட கூலிக்குக் கையெழுத்துப் போட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆண்டு முதலில் அறுப்பான வயல் அவருடையது. இதற்கும் முயலுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், அதற்குச் சான்றளிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆட்கள் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர் புல்லுக்கு ஆள் வைக்கவில்லை. தினமும் அரிவாளோடு அவரே இறங்கினார். பிடித்த பிடி சரியாகவே இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். சீட்டைக் கொடுத்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்பார்கள். அவர்கள் “எதுக்கு?” என்று கேட்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுங்கள். புல்லை யார் அறுப்பது என்பதற்கும் சீட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். விதிகளை மதியுங்கள். நான் மதித்தேன். கடிதம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கும் நினைவூட்டல் எழுதினேன்.

பதிலும் வந்தது. நெல் களம் கண்டு, வயல் காய்ந்து, மேட்டூர் திறந்து, புதுத்தண்ணீர் எங்கள் வாய்க்கால் வரை நுரையோடு வந்த பிறகு வந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டு ஆற்றங்கரைக்கு விரைந்தார். எதிரே கமலத்தம்மாள் ஒரு தட்டில், கைம்பெண் தொடக் கூடாது என்று ஊர் சொல்லும் காதோலை கருகமணியோடும், இடுப்புக் கூடையில் மல்லியோடும் படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அஞ்சலை பின்னால் வந்தாள். உறையைப் பிரித்துப் பார்த்தேன். மேற்படி முயல் கால்நடை என்ற வகையில் அடங்காவிடினும், சிறப்பு நேர்வாகக் கருதி, இந்த ஒரு முறைக்கு மட்டும் சிகிச்சையைத் தொடங்க அனுமதி அளிக்கப்படுகிறது என்றிருந்தது. கடிதத்தின் தலைப்பில் ஏதோ ஒரு தேதி இருந்தது. அது என் கைக்கு வந்து சேர்ந்த நாள் ஆடிப் பதினெட்டு.